வளையக்காரத் தெருவுக்குப் பாலாலயம்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கலாம். ஆனால் இப்போது இல்லை. கதைக்குள் ஒரு மனிதர் சிரிப்பார். அவர் சிரித்த பிறகுதான் நமக்கு அனுமதி. அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த மனிதர் பெயர் திருமேனி. மாநகராட்சியில் செயற்பொறியாளர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டவர். வாயைத் திறக்குமுன் 'ம்க்கும்' என்று ஒரு செருமல் வரும். அந்தச் செருமல் இல்லாமல் அவர் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

ஊர், கோயிலை நடுவில் உட்கார வைத்துவிட்டு வீதிகளைச் சுற்றிச் சுற்றிப் போட்ட பழைய ஊர். பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் நாலு ஊர்க்காரர்கள் 'எங்க ஊர்தான்' என்று வருவார்கள். வரட்டும்.

கோயிலின் தெற்கு மதிலை ஒட்டி வளையக்காரத் தெரு. எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். அப்படி ஏறி நின்றவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிய வீடுகளும் உண்டு. அந்தத் தெருவை மொத்தமாக இடித்துவிட்டு அடுக்குக் கார் நிறுத்தமும் அதற்கு மேல் கடைகளும் கட்டப் போகிறார்கள். திட்டத்துக்குப் பெயர் 'பாரம்பரிய வளாகம்'. முகப்பில் பழங்காலக் கல்தூண் மாதிரியே சிமெண்ட் தூண் வரும். அதற்காக, நிஜக் கல்தூண் இருக்கும் வீடுகள் போகும். தெருமுனைப் பிள்ளையாருக்கு மட்டும் அதே இடத்தில் கிரானைட் போட்டுப் புதுக் கோயில். குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே, வற்றிப்போன கண்மாய்க்குள், அடுக்குமாடி வீடு.

வரைபடம் போட்டவர் திருமேனி. அழகாகத்தான் போட்டிருந்தார். ஆனால் தெருவின் நடுவே ஒரு மடம் இருந்தது. மடத்துக்குள் கிளியம்மை இருந்தார். கிளியம்மை திருமேனியின் குரு.

கிளியம்மைக்குச் சீடரைவிட வயது குறைவு. நரை ஒன்றுகூட இல்லை. யார் குரலும் அவர் தொண்டைக்குள் இருக்கும். யானைப் பாகனாக அதட்டுவார், பேருந்து நிலைய ஒலிபெருக்கியாகக் கரகரப்பார், செய்தி வாசிப்பவளாக மூச்சு விடாமல் பேசுவார். அவருடைய சொந்தக் குரல் எது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். முன்பு ஒருநாள் தெருவை அளக்க வந்த திருமேனியிடம் அவர் திருமேனியின் குரலிலேயே பேசினார். தன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வந்துவிடுவார்.

இடிக்கும் இயந்திரத்தின் டிரைவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "அந்தம்மா உள்ள இருக்கிற வரைக்கும் நான் வண்டியை எடுக்க மாட்டேன் சார். கிட்டப் போனா எங்க வீட்டுக்காரி குரல்ல என்னைக் கூப்பிடுது."

மாநகராட்சி ஆணையர் திருமேனியைப் பார்த்தார். "உங்க சாமிதானே? நீங்களே பேசி முடிங்க. இல்லேன்னா உங்களை ஊர் எல்லைல ஏதாவது ஒரு மூலைக்கு மாத்திட்டு வேற ஆளைப் போடுவேன்."

திருமேனி மடத்துக்குப் போனார். சண்டைக்குத் தயாராகத்தான் போனார்.

"ம்க்கும். சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுய்யா," என்றது பேருந்து நிலைய ஒலிபெருக்கி.

"பழசை இடிக்காம புதுசு எப்படி வரும்?"

"வராது."

திருமேனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப இடிக்கலாமா?"

"இடி."

"நீங்க எழுந்திரிச்சு வந்துருவீங்களா?"

"முறைப்படி இடிச்சா வருவேன். நீதான் கோயில் திருப்பணியெல்லாம் பார்த்தவனாச்சே. கருவறையைப் பிரிச்சுக் கட்டணும்னா என்ன செய்வ?"

அது அவருக்குப் பிடித்த பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல்ல பாலாலயம் சாமி. உள்ள இருக்கிற தெய்வத்தோட சக்தியைக் கும்பத்துத் தண்ணில இறக்கணும். அதை அத்திப் பலகைக்கு மாத்திப் பக்கத்துலயே ஒரு சின்னக் கொட்டகையில எழுந்தருளப் பண்ணணும். வேலை முடியற வரைக்கும் பூஜையெல்லாம் அங்கதான்."

"வேலை நடக்குதேன்னு பூஜையைக் குறைச்சுக்கலாமா?"

"ஒரு வேளைகூடக் குறையக் கூடாது."

"முடிஞ்சதும்?"

"குடமுழுக்கு. அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டு வந்துரணும்."

"கண்மாய்ப் பக்கம் காத்து நல்லா வருதே. மூலவரை அங்க வச்சுட்டா?"

"சாமி!"

"சரி, அதே இடந்தான், ஆனா மூணாவது மாடி. லிஃப்ட் இருக்குல்ல?"

திருமேனிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"சிரிக்காத. இன்னும் நேரம் வரலை," என்றார் கிளியம்மை யானைப் பாகன் குரலில். சிரிப்பு யானை மாதிரி அடங்கி நின்றது.

"விளையாடாதீங்க சாமி. இருந்த இடத்துலேர்ந்து ஒரு விரற்கடை நகர்த்தக் கூடாது. நகர்த்தினா அதுக்குப் பேர் திருப்பணியே இல்லை."

"பின்ன என்ன பேரு?"

"இடிப்பு."

கிளியம்மை அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டு மென்றார். "நல்லாச் சொன்னய்யா. தெருவுக்குப் பாலாலயம் பண்ணு. தெருவுல எழுந்தருளியிருக்கிற எல்லாருக்கும் பண்ணு. பண்ணிட்டா முதல் ஆளா நானே வெளியில வர்றேன்."

திருமேனி மனசுக்குள் எண்ணினார். முனைப் பிள்ளையார். வேப்பமரத்து முனியாண்டி. மடத்து வேல். ஒரு தகரக் கொட்டகை தாராளம்.

"கூட நிறையப் பலகை செஞ்சு வை. வேணும். முன்னால ஒண்ணு மட்டும் பெருசாப் போடு."

"பெருசு யாருக்கு சாமி?"

"திருமேனிக்கு."

கோயில் பேச்சில் விக்கிரகத்துக்குத் திருமேனி என்றுதான் பெயர். முனைப் பிள்ளையார் திருமேனி கொஞ்சம் அகலம். திருமேனி தலையாட்டினார்.

"அறிவிப்பை உன் வாயாலயே சொல்லணும்," என்றார் கிளியம்மை. "மத்த வாயெல்லாம் என்கிட்டயே இருக்கு."

விஷயத்தைக் கேட்ட ஆணையர் எழுந்து கை கொடுத்தார். "சூப்பர், திருமேனி! சென்டிமென்ட்டை சென்டிமென்ட்டாலயே அடிக்கிறீங்க. நடத்துங்க, நானே வர்றேன்."

தெருவுக்குப் பின்னால் இருந்த மாநகராட்சி மைதானத்தில் கொட்டகை எழும்பியது. திருமேனியின் குரலைப் பதிவு செய்து, ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாக ஓட விட்டார்கள்.

"ம்க்கும். பொதுமக்களுக்கு மாநகராட்சியின் அன்பான அறிவிப்பு. வளையக்காரத் தெருவில் எழுந்தருளியிருக்கும் அனைவருக்கும் பாலாலயம் நடைபெறும். பணி முடியும்வரை மூன்று வேளைப் பூஜையும் யாதொரு குறையுமின்றி நடைபெறும். பணி முடிந்தபின் அவரவர் இருந்த அதே இடத்தில், ஒரு விரற்கடையும் மாறாமல், மீண்டும் எழுந்தருளச் செய்யப்படுவர். இது உறுதி. ம்க்கும்."

கடைசிச் செருமலை வெட்டச் சொல்லியிருந்தார். யாரும் வெட்டவில்லை.

தெரு வாசலுக்கு வந்து கேட்டது. ஆட்டோ திரும்பி வந்தபோது மறுபடி கேட்டது. அடுத்த நாள், ஆட்டோ வாய் திறக்குமுன்னே தானே சொல்லத் தொடங்கியது.

பூட்டு ரிப்பேர் கடை கபூர் பாய் திருமேனியை வழிமறித்தார். "சார், எங்களுக்கும் உண்டா?"

"என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க? அனைவருக்கும் உண்டு."

"திரும்ப அதே இடத்துல?"

"இது உறுதின்னு நானே சொல்லியிருக்கேனே."

பாய் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவ்வளவு பக்தி, என்று திருமேனி நெகிழ்ந்து போனார். பொறுங்கள். இன்னும் இல்லை.

பாலாலயத்தன்று காலை மைதானத்தில் நாதஸ்வரம். ஆணையர் வந்துவிட்டார், கட்டுமான நிறுவனத்து ஆள் வந்துவிட்டார், கேமரா வந்துவிட்டது. இயந்திரம் தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. கொட்டகையில் வரிசையாக அத்திப் பலகைகள். முன்னால் பெரியது ஒன்று.

சொன்ன சொல் தவறாமல் முதல் ஆளாகக் கிளியம்மை தெருவிலிருந்து வெளியே வந்தார். தலையில் தண்ணீர்ச் செம்பு. அவருக்குப் பின்னால் வளையல் கடை கோமளம், செம்போடு. கோமளத்தின் மாமியார், அவருக்குப் பின்னால் கபூர் பாயும் குடும்பமும், தையல்கார ராஜமாணிக்கம் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு. தெரு முழுக்க வந்தது. ஆளுக்கொரு பலகை பார்த்து உட்கார்ந்தார்கள்.

குருக்கள் கண்ணை மூடி மந்திரத்தில் இருந்தார். "யார் யார்னு பேரைச் சொல்லுங்கோ."

"கோமளம்."

தண்ணீர் தெளித்தார்.

"அப்துல் கபூர். எனக்குக் கொஞ்சம் தள்ளித் தெளிங்க ஐயரே."

குருக்கள் கண்ணைத் திறந்தார். பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டு, தள்ளித் தெளித்தார்.

திருமேனி ஓடினார். "சாமி, பிள்ளையார் எங்க?"

"அவர் எதுக்கு வரணும்? அவருக்குத்தான் பிளான்லயே அதே இடம் போட்டுட்டியே," என்றது செய்தி வாசிப்பவளின் குரல். "இடமில்லாதவங்க வந்திருக்காங்க."

"வாட் இஸ் திஸ், திருமேனி?" ஆணையர் மேடையிலிருந்து இறங்கினார். "இவங்க ஏன் உட்கார்ந்திருக்காங்க? எழுந்திரிக்கச் சொல்லுங்க!"

ஒருவரும் அசையவில்லை. "பூஜை எப்ப சார்?" என்றாள் கோமளம். "காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலை."

"போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. ஆனா இதைக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க." ராஜமாணிக்கம் கையைத் தூக்கினார். தெரு மொத்தமும் ஒரே தொண்டையில் ஆரம்பித்தது.

"ம்க்கும்! அவரவர் இருந்த அதே இடத்தில், ஒரு விரற்கடையும் மாறாமல், மீண்டும் எழுந்தருளச் செய்யப்படுவர். இது உறுதி. ம்க்கும்!"

செருமல்கூடப் பிசகவில்லை. நாதஸ்வரக்காரர் பீப்பியை இறக்கிவிட்டார். இயந்திரத்து டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து பின்வரிசையில் நின்று அவனும் செருமினான்.

"அது சாமிக்குச் சொன்னது!" ஆணையர் கத்தினார்.

"சொன்னது யாருக்கோ, நேக்குத் தெரியாது," என்றார் குருக்கள். "பேர் சொல்லித் தெளிச்சாச்சு. பாலாலயம் ஆரம்பிச்சுட்டா, திரும்பக் கொண்டுபோய் அமர்த்தாம விடப்படாது."

ஆணையர் மைக்கைப் பிடுங்கித் திருமேனியின் கையில் திணித்தார். "கேமரா ஓடுது. உங்க குரல்தானே? நீங்களே சொல்லுங்க. 'நான் சொன்னது மனுஷங்களுக்கு இல்லை'ன்னு சொல்லுங்க. சொல்லலேன்னா நாளைக்கு உங்க நாற்காலில வேற ஆள்."

திருமேனி மைக்கை வாய்க்குக் கொண்டு போனார். பழக்கத்தில் செருமப் பார்த்தார். வரவில்லை.

எதிரே பலகைகள். அவர் அத்தி மரம் பார்த்துப் பார்த்து அறுக்கச் சொன்ன பலகைகள். கபூர் பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பலகையிலும் ஆள். முன்னால் இருந்த பெரியது மட்டும் காலி.

"சாமி," என்றார் மெதுவாக. மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "இடிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லியிருந்தா, நாலு பேரை விட்டு என்னைத் தூக்கியிருப்ப." இந்த முறை அது திருமேனியின் குரல். "உன் வார்த்தையைத் தூக்க எத்தனை பேர் வேணும்?"

திருமேனி காலிப் பலகையைப் பார்த்தார். பிள்ளையார் வரவில்லை. முனியாண்டி வரவில்லை. வேல் மடத்திலேயே இருக்கிறது.

"இந்தப் பெரிய பலகை..." என்று ஆரம்பித்தார். "இது யாருக்குன்னு சொன்னீங்க?"

கிளியம்மை, திருமேனியின் சட்டைப் பையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தார்.

திருமேனியும் குனிந்து அதைப் படித்தார்.

முதலில் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு, அடக்கி வைத்திருந்த யானை கட்டறுத்துக்கொண்டது. மைக்கில் விழுந்த சிரிப்பு மதிலில் மோதி, நாலு வீதியும் சுற்றி, அவர் காதுக்கே திரும்பி வந்தது. பலகைகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். குருக்கள் மணியை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.

"என்னய்யா சிரிப்பு? சொல்லப் போறீங்களா இல்லையா?" என்றார் ஆணையர்.

திருமேனி கண்ணைத் துடைத்தார். மைக்கை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். செருப்பைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே விட்டார்.

கிளியம்மை பலகையைப் புடவைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பேசினார். பாகன் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, செய்தி இல்லை. அதற்கு முன் அந்தத் தெரு கேட்டிராத சின்னக் குரல்.

"எழுந்தருளுய்யா."