நஞ்சு இறங்கிய கால்

நின்று நின்று அலுத்துப்போன வாட்ச்மேன் மாசிலாமணி, வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டார்.

"லீவு எதுக்குய்யா? அசதிக்குக் காரணம் உடம்புல இருக்கற நஞ்சு," என்றார் குடியிருப்புச் சங்கத் தலைவர் தாமோதரன். நஞ்சை இறக்கும் அயனிக் கால்குளியல் மெஷினோடு விற்பனையாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி பெருமூச்சு விட்டு, இடது காலை மட்டும் உப்புத்தண்ணீரில் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் மெல்லப் பழுப்பானது.

"பாத்தீங்களா? இவர் குடிச்ச பீடியெல்லாம் இறங்குது," என்றார் விற்பனையாளர்.

"வாங்கிடலாம்," என்றார் தலைவர்.

மாசிலாமணி முழங்காலுக்குக் கீழே பட்டையை அவிழ்த்தார். ரப்பர் கால் தனியாகத் தொட்டியில் நின்றது.

"இது போன பொங்கலுக்கு மாட்டுனது சார். இது பீடி குடிச்சு நான் பாத்ததில்ல. அசதியும் இதுக்கு இல்ல. லீவு கேட்டது இன்னொரு காலுக்கு."