ஒரு சிறகு தள்ளி உட்காருங்கள்

காட்டின் ஓரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஓர் உண்ணிச்செடிப் புதர். அந்தப் புதரில் மஞ்சாடி என்ற தவிட்டுக்குருவி தன் கணவன் சருகனோடும் மகள் குன்னியோடும் வாழ்ந்துவந்தாள்.

தவிட்டுக்குருவிகள் தனியாக இருக்காது. பேசாமலும் இருக்காது. விடிந்தால் ஒரு கத்தல், இரை கிடைத்தால் ஒரு கத்தல், தூங்கப் போகும்போது யார் பக்கத்தில் யார் என்று இன்னொரு கத்தல். கிளையில் உட்கார்ந்தால் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்வார்கள். ஒருவர் இறகை ஒருவர் கோதிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதுதான் அவர்களுக்குப் பாசம்.

குன்னிக்கு அந்தப் பாசம் ஆகாது. யாராவது திடீரென்று தொட்டால் அவள் உடம்பு முழுவதும் சிலிர்த்துவிடும். நாலு பேர் சேர்ந்து கத்தினால் தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொள்வாள். கூப்பிட்டால் முகம் பார்க்க மாட்டாள். இலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பாள். "சொட்டு விழுது, சொட்டு விழுது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சந்தோஷம் வந்துவிட்டால் இரண்டு சிறகையும் படபடவென்று உதறுவாள்.

வீட்டில் இதெல்லாம் ஒரு தொல்லையே இல்லை. மஞ்சாடியும் சருகனும் மகளுக்கு ஒரு சிறகு தூரம் தள்ளித்தான் உட்காருவார்கள். தொடுவதற்கு முன்னால் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொடுவார்கள். மூவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

தொல்லையெல்லாம் சொந்தக்காரர்கள் கூடும்போதுதான். அத்தை வீட்டுக் குஞ்சு முதன்முதலாகப் பறந்ததற்கு வைத்த விருந்தில் குன்னி வீறிட்டு அழுதாள். "ஜலதோஷம்" என்றாள் மஞ்சாடி. இன்னொரு விருந்தில் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். "தூக்கம் வருது அவளுக்கு" என்றாள். அதன்பிறகு எந்த விருந்துக்கும் மஞ்சாடி சும்மா போவதில்லை. போவதற்கு முன்பே ஒரு பொய்யைத் தயார் செய்துகொள்வாள்.

மழைக்காலம் வந்தது. புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பியது. வருடா வருடம் அந்த நேரத்தில் குலம் முழுவதும் ஈசல் விருந்துக்குப் பெரிய ஆலமரத்தில் கூடும்.

"இந்தத் தடவை போகாம இருந்துட்டா என்ன?" என்றான் சருகன்.

"வல்லூறு வந்தா யாரு நம்ம பிள்ளையைக் கூப்பிடுவா?" என்றாள் மஞ்சாடி.

அவள் கேட்டது நியாயம்தான். ஈசல் விருந்தன்று அந்த வருடத்துக் குஞ்சுகளை, பெரியவர்கள் நெருங்கி உட்காரும் வரிசையின் நடுவில் உட்காரவைப்பார்கள். எல்லோரும் கோதிவிடுவார்கள். பிறகு குஞ்சு தன் குரலில் கூவிக் காட்ட வேண்டும். உச்சிக்கிளையில் இருக்கும் காவல்காரர் அந்தக் குரலை மனதில் வைத்துக்கொள்வார். வல்லூறு வட்டமிட்டால் ஒவ்வொரு குஞ்சையும் பெயர் சொல்லி அழைத்து, பதில் குரல் வந்துவிட்டதா என்று பார்ப்பார். வரிசையில் உட்காராத குஞ்சுக்கு அழைப்பு இல்லை.

அதனால் போனார்கள்.

ஆலமரத்தை நெருங்கும்போதே காது அடைத்தது. கிளைக்குக் கிளை உறவுகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சருகனின் அக்கா கெச்சி முன்னால் ஓடிவந்தாள். அந்தக் குலத்திலேயே அவள் குரல்தான் பெரிய குரல்.

"வா மஞ்சாடி. எங்க என் மருமக? அத்தையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசு கண்ணு."

குன்னி ஆல விழுதில் வழிந்த மழைநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொட்டு விழுது" என்றாள்.

"என்ன சொல்லுது இது?"

"தூக்கக் கலக்கம், மதினி" என்றாள் மஞ்சாடி.

"அன்னிக்கு ஜலதோஷம், இப்பத் தூக்கமா?" என்றாள் கெச்சி. "நீ ரொம்பச் செல்லம் கொடுக்குற."

அவ்வளவுதான். சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது.

"வெறும் வயித்துல பச்சைப்புழு கொடு. பேச்சு கொட்டும்" என்றாள் ஒருத்தி.

"மேட்டுப்பக்கம் ஓர் ஆந்தை இருக்கு. ஒரு முழி முழிச்சா எந்தப் பிள்ளையும் நேராயிடும்" என்றான் ஒருவன்.

"தலையில ஒரு கொத்துக் கொத்தி வளர்த்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றாள் செவளை என்ற பெரியம்மா.

மஞ்சாடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டி ஆட்டிக் கழுத்தே வலித்தது.

பிறகு கெச்சி குரல் கொடுத்தாள். "வரிசைக்கு வாங்க. குஞ்சுகளைக் கூட்டிட்டு வாங்க."

மற்ற குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு ஓடின. குன்னியின் நகங்கள் கிளையை இறுகப் பிடித்தன. இறகெல்லாம் குத்திட்டு நின்றது. மஞ்சாடிக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்தும் மகளின் பக்கம் குனிந்தாள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ கண்ணு. அம்மாவுக்காக."

குன்னி நடுவில் உட்கார்ந்தாள். வலமிருந்து ஓர் அலகு, இடமிருந்து ஓர் அலகு, முதுகில் ஓர் அலகு. எல்லோரும் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். "கூவு கண்ணு, கூவு, கூவு!"

குன்னி கூவவில்லை. அலறினாள். கெச்சியின் கன்னத்தில் ஒரு கொத்துக் கொத்தினாள். கிளையிலிருந்து கீழே விழுந்தாள். பிறகு எழுந்து, மறைவே இல்லாத வெட்டவெளியைத் தாண்டி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் பறந்தாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க மதினி" என்றாள் மஞ்சாடி. "நீங்களும் மன்னிச்சுக்கோங்க பெரியம்மா. தெரியாமப் பண்ணிட்டா." இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மகளைத் தேடிப் பறந்தாள்.

வெட்டவெளியைத் தாண்டும்போது அந்த நினைப்பு அவளைச் சுட்டது. மகள் இந்த வெட்டவெளியில் தனியாகப் பறந்தபோது தான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம்? வானத்தில் வல்லூறு இருந்திருந்தால்?

வல்லூறு இல்லை. எதிர்ப்பக்கத்து முள்புதருக்குள் குன்னி சுருண்டு கிடந்தாள். உடம்பு நடுங்கியது. மஞ்சாடி ஒரு சிறகு தள்ளி உட்கார்ந்தாள். பின்னாலேயே சருகனும் வந்து மறுபக்கம் அதேபோல உட்கார்ந்தான். காற்று அடித்தது, நின்றது. குன்னியின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

"நடுவுல வேண்டாம்" என்றாள் குன்னி.

கிளையை இறுகப் பிடித்த அந்த நகங்கள் மஞ்சாடிக்கு நினைவு வந்தன. நகத்தாலும் இறகாலும் குஞ்சு முன்பே இதைத்தானே சொன்னது!

"சரி. நடுவுல வேண்டாம்" என்றாள். பிறகு கணவனிடம், "நீங்க இவ பக்கத்துல இருங்க. நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்றாள்.

"அக்காகிட்டயா? என்னன்னு பேசுவ?"

"இத்தனை நாளும் பொய் பேசினேன். இன்னிக்கு உள்ளதைப் பேசறேன்."

சருகனுக்கு அக்கா என்றால் பயம். இருந்தாலும், "நல்லாப் பேசு" என்றான்.

மஞ்சாடி ஆலமரத்துக்குத் திரும்பினாள். கெச்சி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் குன்னியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மஞ்சாடியைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"என் பிள்ளைக்கு ஜலதோஷமும் இல்ல, தூக்கமும் இல்ல" என்றாள் மஞ்சாடி. "அவ அப்படித்தான். சத்தம் நமக்குக் காதுல மட்டும் விழுது. அவளுக்கு உடம்பு பூரா விழுது. நீங்க பாசமாத்தான் கோதுறீங்க. அவளுக்கு அது முள்ளு குத்துற மாதிரி இருக்கு. இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல வெட்கப்பட்டேன். இனி வெட்கப்பட மாட்டேன்."

"அதுக்கு இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்றாள் கெச்சி.

"தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. பக்கத்துல உட்கார்றவங்க ஒரு சிறகு தள்ளி உட்காருங்க. அவ எழுந்து புதருக்குப் போனா துரத்தாதீங்க, அவளே திரும்பி வருவா."

"ஒருத்திக்காக ஊரே வாயை மூடணுமா?"

"ஊரு பேசட்டும் மதினி. அவகிட்ட இருக்கறவங்க கொஞ்சம் மெதுவாப் பேசினாப் போதும்."

கெச்சி கெட்டவள் இல்லை. அவளுக்கும் ஒரு கவலை இருந்தது. "அப்ப அவ குரலை எப்படித் தெரிஞ்சுக்கறது? வரிசையில கூவாத குஞ்சைக் காவல்காரர் எப்படிக் கூப்பிடுவார்? நாளைக்கு ஒண்ணுன்னா நான்தானே அழுவேன்" என்றாள்.

அப்போது உச்சிக்கிளையிலிருந்து ஒரு பறவை இறங்கி வந்தது. அது வேலான். கெச்சியின் கணவன், குலத்துக்கே காவல்காரர். விருந்து நேரத்தில் அவர் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு மகனை மேலே நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"குரல் தெரிஞ்சாப் போதும். வரிசையில இருந்து வந்தா என்ன, விழுதுல இருந்து வந்தா என்ன?" என்றார் வேலான். "இந்தப் பிள்ளை வந்ததுல இருந்து 'சொட்டு விழுது, சொட்டு விழுது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. இனி கண்ணை மூடிக்கிட்டாலும் எனக்கு அந்தக் குரல் தெரியும்."

மஞ்சாடி அப்படியே கிளையில் உட்கார்ந்துவிட்டாள். "இது போதும் அண்ணா" என்றாள்.

வேலான் போகவில்லை. கிளையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கும் இந்த வரிசை ஆகாது. நாலு பக்கமும் இடிச்சா மூச்சு முட்டும். அதான் வருஷா வருஷம் காவலை நானே கேட்டு வாங்கிக்கறேன்."

ஈசல் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்களுக்காகத்தான் வெயில்லயும் மழையிலயும் நிக்கறீங்கன்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசினேனே!" என்றாள் கெச்சி. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்றதுக்கு நீ எப்ப இடைவெளி விட்ட?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெச்சிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

"அப்பவும் சொல்றேன், கொத்தி வளர்த்திருந்தா..." என்று ஆரம்பித்தாள் செவளை. மஞ்சாடி தலையாட்டவில்லை. "இல்ல பெரியம்மா. அது சரிவராது" என்றாள். செவளை முணுமுணுத்துக்கொண்டே ஈசல் தின்னப் போனாள். அவள் கடைசிவரை மாறவில்லை.

கெச்சி மஞ்சாடியோடு முள்புதருக்குப் போனாள். குன்னிக்கு ஒரு சிறகு தள்ளி உட்கார்ந்தாள். பேசாமல் இருப்பது அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவை. அலகு திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கும், மறுபடி மூடும். பார்த்துக்கொண்டிருந்த சருகன் சிரிப்பை அடக்க ஓர் இலையைக் கடித்துக்கொண்டான்.

குன்னி அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் விலகவும் இல்லை. முள் நுனியில் ஒரு துளி திரண்டு கீழே விழுந்தது. குன்னி இரண்டு சிறகையும் படபடவென்று உதறினாள்.

"என்னாச்சு? நான் ஏதாவது பண்ணிட்டேனா?" என்று கெச்சி மிக மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல மதினி, சந்தோஷமா இருக்கா" என்றாள் மஞ்சாடி.

"ஓகோ" என்றாள் கெச்சி. சற்று யோசித்தாள். பிறகு தன் இரண்டு சிறகையும் அதேபோல உதறிப் பார்த்தாள்.

சாயங்காலம் குன்னி ஆலமரத்துக்குத் தானாகவே வந்தாள். வரிசையின் ஓரத்தில் ஒரு தனிக் கொம்பில் உட்கார்ந்தாள். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பேச்சு சுவாரசியத்தில் சொந்தங்கள் மறந்துபோய்க் கத்தினார்கள். கத்தும்போதெல்லாம் குன்னி புதருக்குப் போனாள். யாரும் துரத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பி வந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள இன்னும் நாலு பேர் இருந்ததால் மஞ்சாடியும் சருகனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் பிறந்த பிறகு ஒரு விருந்தில் மஞ்சாடி வயிறு நிறைய ஈசல் தின்றது அன்றைக்குத்தான்.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தாமதமாக ஓர் உறவுக்காரி வந்து சேர்ந்தாள். கொம்பில் தனியாக உட்கார்ந்திருந்த குன்னியைப் பார்த்தாள். "அடடா, இதுதான் சருகன் பெண்ணா?" என்று சிறகை விரித்துக்கொண்டு பாய்ந்தாள்.

மஞ்சாடி எழுவதற்குள் கெச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"நில்லு. முதல்ல அவளைக் கேளு. அவ சரின்னா தொடு. இல்லேன்னா ஒரு சிறகு தள்ளி உட்காரு. முக்கியமா, பிள்ளை பக்கத்துல கத்தக் கூடாது!"

"நான் எங்க கத்தறேன்? நீங்கதானே கத்தறீங்க" என்றாள் வந்தவள்.

கெச்சி அலகை மூடிக்கொண்டாள். பிறகு குனிந்து, இலை அசையும் ஓசைக்கும் கீழான குரலில், "ஆமா. நானும்தான் பழகிட்டு இருக்கேன்" என்றாள்.

குழந்தைக்கு வேண்டியதை வெட்கப்படாமல் கேட்பது பெற்றவர் கடமை. கேட்டதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவது உற்றார் கடமை.