முகாமுக்கு எத்தனை ஆள்

“சிஸ்டர், இந்த வருசம் மருத்துவ முகாமுக்கு இன்னும் எத்தனை ஆளு போடணும்?” என்று கேட்டார் சென்னியப்பன்.

மரகதம் பஞ்சைப் பிய்த்து உருண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

மரகதம் ஓய்வுபெற்ற செவிலியர். சென்னியப்பன் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். ஆறு வயது மூத்தவர். ஆனாலும் சந்தேகம் வந்தால் அவர்தான் மரகதத்தின் வீடு தேடி வருவார். ஞானத்துக்கும் பிறந்த தேதிக்கும் உள்ள தொடர்பு இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

“போன வருசம் எத்தனை பேரு?”

“டாக்டர் ரெண்டு. நர்ஸ் நாலு. தொண்டர் பதினெட்டு. முந்நூத்திப் பன்னெண்டு இளவட்டம் வந்தாங்க.”

“அப்புறம் என்ன குறை?”

“முத்துப்பேச்சி.”

பஞ்சு உருட்டிய கை நின்றது.

முத்துப்பேச்சிக்குப் பத்தொன்பது வயது. தெற்கேயிருந்து வந்து நூல் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவள். முகாமுக்கு வந்தாள். எடை பார்த்தார்கள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்கள். அவள் அட்டையில் ‘நலம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டவர் சென்னியப்பன்.

ஒன்பதாம் நாள் அவளை மில் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். வயிற்றில் மூன்று மாதம் என்றது பிரேதப் பரிசோதனை.

“கூட்டம் அதிகமுங்க. டாக்டரால அவகூட ரெண்டு நிமிசம் பேச முடியல. அதனாலதான் இந்தத் தடவை ஆளை இரட்டிப்பாக்கிட்டேன்.”

திட்டத்தை நீட்டினார். ஆறு பக்கம். பொருளடக்கம் உண்டு. அடிக்குறிப்புகளும் உண்டு.

மரகதம் அதை வாங்கவில்லை.

“நடந்து காட்டுங்கண்ணா. உங்களுக்குப் பத்தொம்பது வயசு. மில்லுல வேலை. வாசல்ல இருந்து வாங்க.”

சென்னியப்பன் சிரித்தார். அவருக்கு அறுபத்து நாலு, மீசை வேறு.

மரகதம் சிரிக்கவில்லை. சென்னியப்பன் எழுந்து வாசலுக்குப் போனார்.

“யாரோட வந்தீங்க?”

“விடுதி வார்டனோட. மில்லுதானே வண்டி குடுக்குது.”

“வார்டன் இப்ப எங்கே?”

“பக்கத்துலயேதான். பிள்ளைக மிரளக் கூடாதில்லீங்களா.”

“ஒரு எட்டு வைங்க. பேரு எழுதறது யாரு?”

“மில் மேஸ்திரி. அத்தனை பேரும் அவருக்கு மனப்பாடம்.”

“இன்னொரு எட்டு. எடை பார்க்கறது?”

“ஊர்த் தலைவரோட மருமகன். மண்டபம் அவங்களுது.”

“டாக்டர் ரூமுக்கு வெளியே?”

“மில் சூப்பர்வைசர் ஒருத்தரு. வரிசை கலையாமப் பார்த்துக்குவாரு. ராத்திரி ஷிப்டு ஆளு, பகல்ல சும்மாதான் இருக்காரு...”

கடைசிச் சொற்கள் மெதுவாக வந்தன.

“ரூமுக்குக் கதவு இருக்குதா?”

“திரைதானுங்க. போன வருசமும் திரைதான்.”

“இந்த வருசம்?”

“இதே ஆளுகதான். ரெண்டு மடங்கு.”

முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார். கையிலிருந்த தாள்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“இவங்களை விட்டா வண்டி ஏது, மண்டபம் ஏது, சிஸ்டர்? வேண்டாம்னு சொன்னா, பிள்ளைகளை வெளியவே விடமாட்டாங்க.”

“அதை நான் கேக்கலையே. உள்ளே வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தார். மரகதம் எதிரே அமர்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு, வார்டில் முப்பது வருடம் பேசிய அதே குரலில் கேட்டார்.

“என்னம்மா பண்ணுது உனக்கு? எதுவா இருந்தாலும் சொல்லு.”

சென்னியப்பன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் முற்றம்.

“ஒண்ணுமில்லீங்க,” என்றார்.