பல்லி கொடுத்த குரல்

சுவரும் மரமும் மீனும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், பல்லியின் குரலை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. அது பாடினால் குயில் எழுந்து வேறு மரத்துக்குப் போய்விடும். அந்தக் கர்வம் பல்லிக்கு வால் நுனிவரை உண்டு.

அது குடியிருந்தது சங்குமுனைக் கடற்கரையில், தெய்வயானை வீட்டுச் சுவரில். தெய்வயானை வெறும் ஆசைக்காகவே செப்புக்கம்பி சுற்றி ஒரு கம்பியில்லாத் தந்திப் பெட்டி கட்டியிருந்தாள். அவள் தட்டினால் 'டிக் டிக்' என்ற சத்தம் காற்றிலேயே போய் நடுக்கடலில் கேட்கும். கேட்பதற்கென்று புருஷன் அஞ்சப்பன் படகிலும் ஒரு பெட்டி வைத்திருந்தாள். அவனோ, "இதெல்லாம் மரங்கொத்திக்குத்தான் புரியும் புள்ள" என்று சிரிப்பான். தட்டல் பாஷையை அவன் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஒரு நாள் வடக்கே வானம் கறுத்தது. அஞ்சப்பன் போயிருந்ததும் வடக்கேதான். தெய்வயானை விரல் நோகத் தட்டினாள். படகு திரும்புவதாக இல்லை. திடீரென்று பெட்டி தானாகவே முனகியது.

"என்னவாம் இதுக்கு?" என்றாள்.

பல்லி காதுகொடுத்துக் கேட்டது. "யாராச்சும் குரலக் குடுத்தா, மாத்துக்குத் தன்னோட தட்டலக் குடுக்குமாம்."

"எங்குரல எடுத்துக்கச் சொல்லு!"

"உங்குரல் போயிட்டா அவனைக் கூப்புடுறது யாரு?" பல்லி சுவரிலிருந்து பெட்டிமேல் இறங்கியது. "நான் குடுக்குறேன். ஆனா இனிமே நான் தட்டுனா, கேட்டுச்சுன்னு பதிலுக்கு நீ தட்டணும். நான் ஒண்ணும் சும்மா கத்துற ஆளில்ல."

"தட்டுறேன் ராசா."

பல்லி பெட்டிக்குள் புகுந்தது. பெட்டிக்குத் தொண்டை திறந்தது.

"வடக்க போவாதய்யா! கரைக்குத் திரும்பு!" என்று தெய்வயானை கத்தினாள். புரியாவிட்டாலும் அவள் சொல்லுக்காகப் படகுப் பெட்டியின் காதுக்குழலை மாட்டியிருந்த அஞ்சப்பன் துள்ளி எழுந்தான். பெண்டாட்டி அதட்டினால் திரும்பாத படகு உண்டா?

புயலுக்கு முன்னே படகு மணலைத் தொட்டது. காற்றிலே குரல் அனுப்பிய தெய்வயானையை ஊரே கூடிக் கொண்டாடியது. அப்போது சுவரிலிருந்து 'டிக் டிக்' என்று கேட்டது. அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு போய் அவள் விரலால் சுவரைத் தட்டினாள். பல்லி வாலைத் தூக்கிக்கொண்டு ராஜநடையாக உத்தரம் ஏறியது.

அன்று முதல்தான் பெட்டி பேசுகிறது, பல்லி தட்டுகிறது. பல்லி சொன்னதும் நாமும் கைவேலையை விட்டுவிட்டு விரலால் தரையைத் தட்டுகிறோம், கேட்டுச்சு என்று.