காந்திமதி என்று ஒரு பூச்சி

சற்குணம் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய குரு யாஸ்மின் வயதில் அவரைவிடச் சின்னவர். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார்.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதது ட்ரைலோபைட்டோடு. எத்தனையோ கோடி வருஷங்களுக்கு முன்பு கடலடியில் ஊர்ந்து, பிறகு கல்லாகிப்போன ஓட்டுப் பூச்சி அது.

இமயமலையில் எடுத்த ஒரு பலகைக் கல்லில் சற்குணம் இரண்டு வகைப் பூச்சிகளைக் கண்டார். ஒன்று நீளமாய், ஒல்லியாய் இருந்தது. அதை என்றோ யாஸ்மின் கண்டுபிடித்து, பெயர் வைத்து, புகழும் வாங்கிவிட்டார். மற்றது குட்டை, அகலம். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. சற்குணம் இறந்துபோன தன் மனைவி காந்திமதியின் பெயரை வைத்தார். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த வாக்கு அது.

கல்லை முந்தாநாளே குருவிடம் கொடுத்திருந்தார். இன்று முடிவு கேட்க வந்தார்.

“புது இனம்தானே மேடம்?”

யாஸ்மின் ஒரு ரப்பர் கிளவுஸையும் பேனாவையும் நீட்டினார்.

“இதுல ஒரே மாதிரி ரெண்டு பூச்சி வரைங்க சார். ஒண்ணு நெடுக்க, ஒண்ணு குறுக்க.”

இதென்ன விளையாட்டு என்று தோன்றினாலும் வரைந்தார்.

“இப்போ ரெண்டு முனையையும் பிடிச்சு இழுங்க.”

இழுத்தார். நெடுக்க இருந்தது நீண்டு ஒல்லியானது. குறுக்க இருந்தது குட்டையாகி அகலமானது.

சற்குணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளவுஸைக் கீழே போட்டுவிட்டுக் கல்லை எடுத்தார். ஒல்லிப் பூச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. காந்திமதிகள் எல்லாம் அவற்றுக்குக் குறுக்கே கிடந்தன. இத்தனை மாதம் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

“மலை எழும்பும்போது கல்லும் இழுபட்டிருக்கு சார்.”

“அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

“அப்போ காந்திமதி?”

சற்குணத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“ஒரே இனம்னா முதல்ல வெச்ச பேர்தானே நிக்கும்? அவ பேர் போச்சு. உங்க பேர் மட்டும் தப்பிச்சுது, இல்லையா மேடம்?”

“தப்பிக்கலை சார். அந்த இழுப்பைச் சரிபண்ணிப் பார்த்தா, இது எனக்கு முன்னாடியே சீனாக்காரங்க பேர் வெச்ச பூச்சி. உங்க கல்லைப் பார்க்கிற வரைக்கும் அது எனக்கும் தெரியாது. நான் வெச்ச பேரை எடுத்துடச் சொல்லி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு நேத்தே எழுதி அனுப்பிட்டேன்.”