ஒன்றரை மணிப் படம்

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக ஓர் ஆசிரமம். அங்கிருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. காவி கட்டுவதற்கு முன் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவர்.

அவருடைய சிஷ்யை தையல்நாயகிக்கு ஐம்பத்திரண்டு. காலையில் டவுனில் இட்லிக் கடை. மதியம் ஆசிரமத்தில் நாற்பது பேருக்குச் சமையல், அது சேவை. தியானத்தில் சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அன்று எட்டாம் தேதி. சமையலை முடித்த கையோடு ஒரு தாளைச் சாமியின் முன்னால் போட்டாள்.

"அறுநூத்தி எண்பத்தெட்டாம், சாமி. என் கிரெடிட் ஸ்கோர். இதுக்கு பேங்க்ல லோன் தர மாட்டானாம்."

கடைக்குப் பக்கத்து போர்ஷன் காலியாகியிருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் செல்போன் கடைக்காரனுக்குப் போய்விடும்.

"கிரெடிட் கார்டு இருக்காம்மா?"

"ஒரு லட்சத்துக்கு. மாசாமாசம் அரிசி, உளுந்து, எண்ணெய்னு தொண்ணூறாயிரம் அதுலதான். நாலாம் தேதி கெடு. கையில பணம் இருந்தாலும் மூணாம் தேதி கட்ட மாட்டேன். என் பணத்தை அவனுக்கு எதுக்கு ஒரு நாள் முன்னாடி தரணும்? ஆனா நாலாம் தேதி ராத்திரிக்குள்ள ஒத்தப் பைசா பாக்கியில்லாம கட்டிருவேன். ஒன்பது வருஷமா ஒரு தடவை தவறினதில்லை. அப்புறம் எதுக்கு சாமி இந்த மார்க்கு?"

சாமி சாப்பிட எழுந்து போனார்.

மணி ஒன்றரை. பந்தி முடிந்த நேரம். சமையலறை வாசலில் நின்று தன் செல்போனில் ஒரு படம் எடுத்தார். ஆசிரம வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: 'நம் சமையலறை.'

அடிப்பிடித்த அண்டா, ஈ மொய்க்கும் குழம்புச் சட்டி, தரையெல்லாம் சோறு. ஐந்து நிமிடத்தில் தஞ்சாவூர் டாக்டரம்மாவிடமிருந்து பதில் வந்துவிட்டது: 'இதிலா நமக்குச் சமைக்கிறார்கள்?'

தையல்நாயகி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"மானத்தை வாங்கிட்டீங்களே சாமி. நாலு மணிக்கு வந்து பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்கும். என்னைக்காவது அழுக்குப் பாத்திரத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கேனா?"

"ஒருநாளும் இல்லை."

"அப்போ நாலு மணிக்கு எடுக்க வேண்டியதுதானே?"

"எனக்கு ஒன்றரைதான் தோது. நாளைக்கும் எடுப்பேன்."

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பந்தி நடக்கும்போதே அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். ரசம் கேட்டவர்களுக்குச் சட்டியைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு அதையும் கையோடு கழுவினாள். ஒன்றேகாலுக்குத் தரை பளபளத்தது.

ஒன்றரைக்குப் படம் போனது. 'தெய்வீகம்' என்று எழுதினாள் டாக்டரம்மா.

தையல்நாயகிக்கு நேற்றைவிடக் கோபம் வந்தது.

"என்ன சாமி கூத்து இது? அதே அண்டா, அதே நான். நேத்து நாறினவ இன்னைக்குத் தெய்வீகமாயிட்டேனா? ரெண்டரை மணி நேரம் முன்னாடி கழுவினேன், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவள் இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்தாள். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"சாமி, என் கார்டை என்னைக்குப் படம் எடுக்கிறான்?"

"பில் என்னைக்கு வருது?"

"பதினாலாம் தேதி."

"அன்னைக்கு உங்க கார்டுல என்ன பாக்கி நிக்குதோ, அதுதான் மார்க்கு போடறவன்கிட்ட போகும்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். பதினாலாம் தேதி தொண்ணூறாயிரம். நாலாம் தேதி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஒருத்தனும் பார்த்ததில்லை.

"கழுத்து வரைக்கும் கடன்ல முங்கிக் கிடக்கிறவள்னு நினைச்சிருப்பான்."

"நினைச்சிருப்பான்."

"கெடு தவறாம கட்டினதெல்லாம்?"

"அதையும் எழுதியிருக்கான். இல்லாட்டி இந்த மார்க்கும் வந்திருக்காது."

அவளுக்கு ஆறவில்லை.

"ஒன்பது வருஷம் சாமி. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா நான் எப்படிப்பட்டவள்னு சொல்லியிருப்பேனே. நான் யாருன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

சாமி தாளை வாங்கி மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"உங்களைத் தெரிஞ்சுக்க அவன் வரலைம்மா. பதினாலாம் தேதி வருவான், படம் எடுப்பான், போயிடுவான். இன்னைக்கு ஒன்பது."