தாண்டுற அளவு

இப்போ அந்தக் கடற்கரையில பூங்கா, நடைபாதை, கலர் விளக்குன்னு என்னென்னமோ வந்துட்டு. அப்போ வெறும் மணல்தான். விடியுமுன்னே நாங்க ஏழெட்டுப் பேரு பழைய பெட்ஷீட்டை விரிச்சு உக்காந்திருப்போம். உலகம்மா டீச்சர் யோகா சொல்லித் தருவாங்க. முப்பது வயசுதான் இருக்கும். ஆனா குருன்னா குருதான். தலை நரைச்ச ஆளையும் ஒரே பார்வையில நிமித்திருவாங்க. தூத்துக்குடியில எத்தனையோ விடியலைப் பாத்துட்டேன், அந்த நாள்களை நெனச்சா மட்டும் இன்னைக்கும் மனசு என்னமோ பண்ணுது.

எங்களுக்குள்ள மூத்த சீடர் சிவனணைந்தான் சார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவர். தங்கமான மனுசன், ஆனா வளையவே மாட்டார். முதுகைத்தான் சொல்லுதேன். எவ்வளவு முக்கிக் குனிஞ்சாலும் கை முழங்காலோட நின்னுரும்.

ஒருநாள் இருட்டுப் பிரியுமுன்னே டீச்சர்கிட்ட கேட்டார்.

"டீச்சர், தை மாசத்துக்குள்ள நான் தரையில சம்மணம் போட்டு உக்காந்திருவேனா?"

"என்ன அண்ணாச்சி திடீர்னு? பந்தியில உக்காரவா?"

சார் அப்படிக் கேட்டதுக்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர் தங்கச்சி பொன்செல்வி, அதே ஊர்லதான் இருக்கா. கல்யாணமாகி ரொம்ப வருசம் ஏங்கிப் பெத்த பிள்ளைக்குத் தையில காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுல்லா குத்தணும்? அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது ஒரே மாமன். பொன்செல்வி என் வீட்டுக்காரிகிட்ட சொல்லி, அவ என்கிட்ட சொல்லி, நான்தான் சார் காதுல போட்டேன், 'அண்ணன் வந்து மடி குடுப்பாகளா?'ன்னு.

சார் முழிச்சுக்கிட்டு நிக்கதைப் பாத்து, நானே விசயத்தைப் போட்டு உடைச்சேன்.

அவருக்கு மூஞ்சி சிவந்துட்டு. "போறேன்னு நான் சொல்லவே இல்லையேய்யா! பத்திரிகை உண்டா, வெத்தலை பாக்கு உண்டா? தாய்மாமனை நேர்ல வந்துல்லா அழைக்கணும்? இப்படியா சுத்தி வளைச்சுச் சொல்லி விடுவா?"

"நியாயம்தான்," டீச்சர் சொன்னாங்க. "பெறகு சம்மணம் எதுக்கு?"

சார் காலால மணலைக் கிண்டினார்.

"இந்த முதுகு பொறந்ததுலேருந்தே இப்படித்தானா அண்ணாச்சி?"

அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துட்டு. "யாரு சொன்னா? எங்க ரயில்வே காலனியில பச்சைக்குதிரைன்னா என்னைய மாதிரி குனிய ஆளே கிடையாது. பயலுக எல்லாம் பறந்து தாண்டுவானுக. செல்வி அப்போ குட்டிப் பிள்ளை. பாவாடையைத் தூக்கிச் செருகிட்டு எங்கிருந்தோ ஓடி வருவா, கிட்ட வந்ததும் பயந்து நின்னுருவா. 'இன்னும் குனிண்ணே, இன்னும் குனிண்ணே'ம்பா. குனிஞ்சு குனிஞ்சு கடைசியில மண்ணுல கவுந்தே படுத்திருவேன். ஒரு எட்டு வச்சுத் தாண்டிட்டு, 'அண்ணனைத் தாண்டிட்டேன்'னு காலனி பூராவும் கத்திக்கிட்டு ஓடுவா. பயலுக என்னையப் பாத்துச் சிரிப்பானுக. சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போங்கலேன்னு கிடப்பேன்."

அந்த அண்ணனையும் தங்கச்சியையும் நானே கண்ணால பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

"அப்படிப்பட்டவ ஏன் நேர்ல வந்து கூப்பிடல?"

சார் கையில ஒட்டின மணலைத் தட்டிவிட்டார்.

"அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அன்னைக்கு இருந்த கோவத்துல, இனி என் வாசப்படி தாண்டாதேன்னு சொல்லிப்புட்டேன்."

"அவளும் தாண்டல."

"தாண்டல."

டீச்சர் கடல் பக்கம் திரும்பி எந்திரிச்சு நின்னாங்க. நாங்களும் எந்திரிச்சோம். தண்ணிக்கு மேல சூரியன் செக்கச்செவேல்னு தலையைக் காட்டிச்சு. தினமும் செய்யற மாதிரி எல்லாரும் கையைக் கூப்பினோம். சாரும் கூப்பினார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். சூரியன் வந்துட்டா?"

"வந்துட்டுல்லா. அதான் தெரியுதே."

"அன்னைக்கு வேற என்னமோ சொன்னீங்களே?"

பாடம்னு வந்துட்டா சாருக்கு மத்ததெல்லாம் மறந்துரும். "ஓ, அதுவா? சரியாச் சொல்லணும்னா இன்னும் வரல டீச்சர். இந்த நிமிசம் சூரியன் அடிவானத்துக்குக் கீழதான் இருக்கு. நடுவுல பூமி மறைச்சுக்கிட்டு நிக்கி. ஆனா அதோட வெளிச்சம் காத்துக்குள்ள வரும்போது வளைஞ்சு நம்ம கண்ணுக்கு வந்து சேந்துருது. அதனால, வர்றதுக்கு முன்னாடியே வந்த மாதிரி தெரியுது."

"நேர்ல வரமுடியாம மறிச்சுக்கிட்டு நிக்கறதால, வளைஞ்சு வந்திருக்கு."

"ஆமா."

"அதுக்குத்தான் தினமும் கும்பிடு போடுதீங்க."

சார் கூப்பின கையை இறக்கவே இல்ல. கண்ணு ரெண்டும் கலங்கிட்டு. நான் அவரைப் பாக்காம கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன். வெயில் மூஞ்சியில உறைக்க ஆரம்பிச்சு, மத்தவங்க எல்லாம் வீட்டுக்குக் கெளம்பினாங்க. அதுக்குப் பெறகுதான் அவர் கேட்டார்.

"நான் எவ்வளவு குனியணும் டீச்சர்?"

டீச்சர் பெட்ஷீட்டை உதறி மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டாங்க.

"அவ தாண்டுற அளவுக்கு."